நாலரை மணிக்கு மேல் அப்பா

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு வாலு எழுதுவது. இங்கே மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா, மாமா ராத்திரி மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எழுத ஆரம்பித்தால் மறந்துவிடுவேன்.

நம் வீட்டுக் கடிதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா எழுதுவாள், அப்பா அடியில் இரண்டு வரி சேர்ப்பார், மிச்சமிருக்கும் மூலையில் என் கையெழுத்து. இது அப்படி இல்லை. எல்லோரும் தூங்கியபின் குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினால்கூடப் பேனா நின்றுவிடுகிறது. பதிலை என் பெயருக்கே போடுங்கள். பள்ளி விட்டு நான்தான் முதலில் வீட்டுக்கு வருகிறேன், தபால் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

அத்தை, அப்பா தினமும் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறார். இந்த நாட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகியும் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. அங்கே ஒரே அச்சகத்தில் அவர் கட்டிங் மெஷினில், நீங்கள் பைண்டிங்கில். நான் எழுவதற்குள் அவர் போய்விடுவார், நான் தூங்கியபின் வருவார். பாடப்புத்தகம் அடிக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. வாசலில் செருப்பு இருந்தால் அப்பா இருக்கிறார், இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது.

இப்போது எவ்வளவு தெரியும் தெரியுமா? அவருக்குச் சீட்டி அடிக்க வரும். பின்னம் வகுக்க வராது, ஆனால் வருவதுபோல் தலையாட்டுவார். ரொட்டித் துண்டுகளைத் தட்டில் வைக்கும் முன் தாள்கட்டைத் தட்டுவதுபோல நாலு பக்கமும் தட்டி விளிம்பைச் சரிசெய்வார். போன வாரம் எனக்குப் பின்னல் போட்டுவிட்டார். மூன்று கால்களும் அளந்து வெட்டியது மாதிரி இருந்தன. வகுப்பில் எல்லோரும் யார் போட்டது என்று கேட்டார்கள்.

ஆனால் நேற்று அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன். "எனக்கு இங்க சரிப்பட்டு வராது. நாலரை ஆனா லைட்ட அணைச்சு வெளிய தள்ளுறாங்க. வேலை தெரியாதவன் மாதிரி இருக்கு. அங்க ஃபோர்மேன் எடம் காலியா இருக்காம், முதலாளி அக்காகிட்ட சொல்லி விட்டிருக்காரு." அம்மா பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

நீங்கள் 'வா' என்றால் அப்பா மறுநாளே பெட்டி கட்டிவிடுவார். நீங்கள் சொல்லி அவர் கேட்காதது எதுவும் இல்லை. தயவுசெய்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அப்பா கிடைத்துப் பத்து மாதம்தான் ஆகிறது.

தண்ணீர்க் குழாய் சொட்டி இரண்டாம் பக்கம் நனைந்துவிட்டது, மன்னியுங்கள்.

பிரியமுள்ள,
வாலு


பிப்ரவரி 26

என் வாலுக்கு,

அத்தையின் ஆசிகள். கால் வீக்கம் பரவாயில்லை. மாமா மாத்திரை போடுகிறார், போட்டுவிட்டுப் போட்டேனா என்று என்னிடமே கேட்கிறார்.

சாப்பாட்டு நேரத்தில், மடித்த அச்சுத்தாள்களின்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் தம்பி பின்னல் போடுகிறானா? சின்ன வயதில் தன் சட்டைப் பித்தானைப் போடவே என்னைக் கூப்பிடுவான்.

முதலாளி சொன்னதை அவனிடம் சேர்த்தேன். கேட்டதைச் சேர்க்காமல் இருக்க முடியாது. ஆனால் 'வா' என்று நான் எழுதமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. எனக்கென்ன குறை, ராணி மாதிரி இருக்கிறேன். கட்டிங் மெஷினில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று அப்பா கேட்டால், ஆள் போட்டாயிற்று என்று சொல்.

குளியலறையில் ரொம்ப நேரம் உட்காராதே, சளி பிடிக்கும். இங்கே கூப்பிடுகிறார்கள். மற்றவை பிறகு.

அத்தை


மார்ச் 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வாக்கு வந்து சேர்ந்த அன்று நான் பள்ளியிலிருந்து வீடுவரை ஓடியே வந்தேன். நாங்கள் சுகம். நீங்களும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. அப்பாவின் அச்சகத்தில் ஒருவர் மூன்று மணிக்கே கிளம்பினாராம். மகளுக்கு நீச்சல் போட்டி, போய்ப் பார்க்க வேண்டும் என்றாராம். யாரும் சிரிக்கவில்லை, யாரும் முறைக்கவில்லை, ஜெயிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்களாம். இன்னொருவர் மனசு சரியில்லை என்று சொல்லி ஒருநாள் விடுப்பு எடுத்தாராம். அதைச் சொல்லிவிட்டு அப்பா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மனசு சரியில்லேன்னு நம்ம முதலாளிகிட்ட போய்ச் சொல்லிப் பாரு, மனசே இருக்காது" என்றார். அப்புறம் திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது. சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது கெட்ட செய்தி. இரண்டு வாரமாக அப்பா ஏழு மணிக்கு மேல்தான் வருகிறார். நாலரைக்கு மின்சாரத்தை நிறுத்தி எல்லோரும் போனபின், இவர் காகிதக் கிடங்கில் ஒளிந்துகொண்டு, பிறகு டார்ச் வெளிச்சத்தில் மறுநாள் வெட்டவேண்டிய தாள்களை எண்ணி, தட்டி, அடுக்கி வைத்துவிட்டு வருகிறார். தன் மெஷினுக்கு மட்டுமில்லை, பக்கத்து மெஷின்காரருக்கும் சேர்த்து. அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். "காலைல வந்து பாப்பாங்க. நம்ம கை என்னன்னு அப்பத் தெரியும்."

அம்மா கேட்டாள், "பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பக்கத்து மெஷின்காரன்தான் இப்பல்லாம் வணக்கம் சொல்றதில்ல."

அங்கே இருந்தபோது நீங்களும் அப்பாவும் இப்படித்தான் நல்ல பெயர் வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே அது வேறு மாதிரிப் போகிறதோ என்று பயமாக இருக்கிறது. அதைவிட, அம்மா வேலை விட்டு வரவும் ஏழாகும் என்பதால், ஐந்திலிருந்து ஏழுவரை இப்போது நான் தனியாக இருக்கிறேன். பின்னலை நானே போட்டுக்கொள்கிறேன், கோணலாக வருகிறது.

உடனே பதில் போடுங்கள்.

வாலு


ஏப்ரல் 1

சிரஞ்சீவி வாலுக்கு மாமா எழுதுவது. நான் சவுக்கியம். நீ நன்றாகப் படிக்கிறாயா?

உன் அத்தைக்கு எழுத நேரமில்லை, அதனால் என்னை எழுதச் சொன்னாள். வேன் ஓட்டிய கைக்கு எழுத்து இப்படித்தான் வரும், பொறுத்துக்கொள். நான் இப்போது நன்றாகச் சமைக்கிறேன். ராத்திரி மூடி வைத்துவிட்டுப் படுப்பேன், காலையில் தட்டு கழுவி வைத்திருக்கும். அதை வைத்து அவள் வந்தாள், போனாள் என்று தெரிந்துகொள்கிறேன்.

எல்லாம் நலம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

மாமா


ஏப்ரல் 10

அத்தை, அத்தை,

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 

நேற்று அப்பாவின் அச்சகத்திலிருந்து தபால் வந்தது. இந்த ஊர் மொழி அப்பாவுக்குப் பேசினால் கொஞ்சம்தான் புரியும், படிக்கவே வராது. அதனால் வருகிற கடிதங்களை நான்தான் பிரித்துப் படித்துச் சொல்வேன். பிரித்தேன். உங்களுக்கு அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

'மே மாதம் நாலாம் தேதி முதல் இருபத்தொன்பதாம் தேதி முடிய நீங்கள் வேலைக்கு வரக்கூடாது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை நுழைவு அட்டையையும் அலமாரிச் சாவியையும் அலுவலகத்தில் ஒப்படைக்கவும். நன்றாக ஓய்வெடுக்கவும்.' கூடவே எண்கள் நிறைந்த ஒரு தாள். அது எனக்குப் புரியவில்லை.

ஓய்வெடுக்கவும். மாமாவுக்கும் முதலாளி இதையேதானே சொன்னார்? ஒரு வாரம் ஓய்வெடுங்க என்று வேன் சாவியை வாங்கிக்கொண்டார். ஏழு வருஷமாக மாமா ஓய்வெடுக்கிறார்.

டார்ச் அடித்து வேலை பார்த்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை. கடிதத்தை நாலாக மடித்து என் பழைய ஷூவுக்குள் வைத்திருக்கிறேன். இது தெரிந்தால் அன்றைக்கே கிளம்பு என்றுதான் சொல்வார். நேற்று அவர் வந்ததும் "லெட்டர் எதாவது வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பதினாலு வயதில் அப்பாவிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் இது. சொன்னதும் வயிறு வலித்தது. நிஜமாகவே வலித்தது, அம்மா கஷாயம் கொடுத்தாள்.

என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள். மே நாலுக்குள் வரும்படி எழுதுங்கள்.

வாலு


ஏப்ரல் 22

என் கண்ணுக்கு,

அத்தையின் ஆசிகள். நான் நலம், பயப்படாதே.

படித்துப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் சொல்வார்கள். 'போ' என்று வாய்விட்டுச் சொல்ல எந்த ஊர் முதலாளிக்கும் கூச்சமாக இருக்கும்போல. சாவியைக் கேட்டால் முடிந்தது என்று அர்த்தம்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். மறுபடி எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிடு. ஒளித்து வைத்தால் அவன் அச்சக வாசலில் போய் நின்று நாலு பேர் முன்னால் தெரிந்துகொள்வான். உன் வாயால் கேட்டால் அந்த வலி பாதிதான் இருக்கும்.

இன்றைக்கும் முடிக்க முடியவில்லை. இது மூன்றாம் நாள். இங்கே அந்த ஃபோர்மேன் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் 'வா' என்று சொல்லவில்லை, உனக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். நாற்காலி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வயிற்று வலி சரியாகிவிட்டதா?

அத்தை


மே 5

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் மூவரும் நலம். இதை இன்று தைரியமாக எழுதுகிறேன், கீழே படித்தால் ஏன் என்று தெரியும்.

உங்கள் கடிதம் இரண்டாம் தேதிதான் வந்தது. அன்று ராத்திரியே கொடுத்துவிடலாம் என்று ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா, "என்ன வாலு, இந்நேரத்துல எங்க கெளம்பிட்ட?" என்றார். ஷூவைத் துடைக்கப் போகிறேன் என்றேன். துடைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் முடியவில்லை. நேற்றுக் காலை ஆறு மணிக்கு அவர் சோற்று டப்பாவுடன் கிளம்பியதைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்குத் திரும்பி வந்தார். தனியாக இல்லை. கூடவே அவருடைய சூப்பர்வைசர் வந்திருந்தார். அவர் ஒரு பெண், ரொம்ப உயரம், அம்மா அவருக்கு ஒட்டடைக்கொம்பு என்று பெயர் வைத்திருக்கிறாள். எங்கள் முக்காலியில் உட்கார்ந்ததும் அவர் முழங்கால் மேசைக்கு மேலே வந்துவிட்டது. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் பள்ளிக்குப் பையை மாட்டிக்கொண்டு நின்றேன். நீதான் பேச வேண்டும், உட்கார் என்றார்கள்.

அதாவது, என் குற்றத்துக்கு நானே மொழிபெயர்ப்பாளர்.

"என்ன கேக்குறாங்க?" என்றார் அப்பா.

"லெட்டர் வரலையான்னு கேக்குறாங்கப்பா."

"எந்த லெட்டர்?"

ஷூவைக் கொண்டு வந்தேன். அதற்குள்ளிருந்து காகிதத்தை எடுத்தபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அந்த எண்கள் உள்ள தாளை விரித்து விரல் வைத்துக் காட்டினார்.

அத்தை, அது வேலை போன கடிதம் இல்லை. இங்கே வருஷத்துக்கு இத்தனை நாள் என்று விடுப்பு உண்டு, அதை எடுத்தே ஆக வேண்டும். அப்பா ஒரு வருஷமாக ஒருநாள்கூட எடுக்கவில்லை. இவர் கேட்கமாட்டார் என்று தெரிந்து அவர்களே தேதி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சாவியைக் கேட்டது, இவர் விடுப்பிலும் வந்து டார்ச் அடிப்பார் என்பதால். அந்த எண்கள் எல்லாம் வீட்டில் இருக்கப் போகும் நாட்களுக்கான சம்பளம்.

"போகாத வேலைக்குச் சம்பளமா? நீ ஏதோ தப்பாச் சொல்ற. மறுபடி கேளு" என்றார் அப்பா. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே பதில்.

அப்புறம் சூப்பர்வைசர் டார்ச் விஷயத்தை எடுத்தார். பக்கத்து மெஷின்காரரின் வேலையை அப்பா ராத்திரியில் செய்துவைக்கிறார், தன் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று அந்த மெஷின்காரருக்கு இரண்டு மாதமாகத் தூக்கமில்லையாம். நல்லது செய்வதாக நினைத்து இவர் ஒரு மனிதரைப் பயமுறுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். கடைசியாகச் சூப்பர்வைசர் குரலைத் தணித்து ஒன்று கேட்டார். அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"சொல்லு" என்றார் அப்பா.

"வீட்டுக்குப் போக உங்களுக்கு ஏன் பிடிக்கலைன்னு கேக்குறாங்க."

அப்பா மேசை விளிம்பைத் தடவினார். பிறகு என் பக்கம் பார்க்காமல், "போனா என்ன செய்யணும்னு தெரியலைன்னு சொல்லு" என்றார்.

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. "இனி நேரத்துக்கு வந்துடறேன்னு சொல்றார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனபின் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாளியில் உட்கார்ந்து எழுதியது, உங்களிடம் வாங்கிய வாக்கு, எல்லாம். அப்பா திட்டவில்லை. உங்கள் கடிதங்களைக் கேட்டு வாங்கினார். கடைசிக் கடிதத்தைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஓரத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை இருந்தது, நான் அதை மை என்று நினைத்திருந்தேன்.

அப்பா முகர்ந்து பார்த்தார். "இது கட்டிங் மெஷின் கிரீஸ். பைண்டிங்ல இருக்கிறவ கைல பசைதான் ஒட்டும்" என்றார். பிறகு அம்மாவிடம், "ஆள் போட்டாச்சுன்னு சொன்னாளே, அந்த ஆளு அக்காதான்" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குப் பயணச்சீட்டு வாங்கிவிட்டார். அங்கே வருகிறார்.

வாலு


மே 8

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இதுவரை சும்மா கேட்டேன். இப்போது உண்மையாகவே கேட்கிறேன்.

அப்பா சற்று முன் கிளம்பிவிட்டார். திரும்பும் சீட்டு இருபத்தேழாம் தேதிக்கு. ஆனால் சீட்டை மாற்றலாமாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்துக்கு முன் அவர் அங்கே வந்திருப்பார். முதலாளி நாற்காலியைக் காட்டியிருப்பார். மெஷினைப் பார்த்ததும் அப்பாவின் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும்.

நான் கேட்டது தப்பு, அத்தை. நீங்கள் இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறீர்கள் என்று தெரியாமல், என் அப்பாவை நானே வைத்துக்கொள்கிறேன் என்று உங்களிடம் வாக்கு வாங்கினேன். நீங்களும் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டீர்கள். அதை இப்போது திருப்பிக் கொடுக்கிறேன். 'இரு' என்று சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். நான் அழமாட்டேன் என்று எழுத வந்தேன், ஆனால் அது பொய்.

வாலு


மே 24

என் வாலுக்கு,

அத்தையின் ஆசிகள். உன் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. இதுவரை நான் நலம் என்று எழுதியதை எல்லாம் விட்டுவிடு. இந்தத் தடவை எழுதுவதை நம்பு.

உன் அப்பா வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு நேராக அச்சகத்துக்கு வந்தான். முதலாளி எழுந்து நாற்காலியைத் தூசி தட்டினார். அவன் உட்காரவில்லை. என்னிடம் வந்து, "நகருக்கா" என்று சொல்லித் தாள்கட்டை வாங்கினான். அன்று இரவு ஒன்பதுவரை வெட்டினான். மறுநாளும், அதற்கு மறுநாளும். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மறைக்க மாட்டேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனவன் வந்துவிட்டான் என்று நினைத்தேன். அதனால்தான் உனக்கு எழுதப் பேனாவையே எடுக்கவில்லை.

நாலாம் நாள் சாப்பிடும்போது, "இந்நேரம் அங்க ஸ்கூல் விட்டிருப்பாங்களாக்கா?" என்றான். எனக்கெப்படித் தெரியும்? அன்று மாலை ஐந்து மணிக்கு மெஷினை நிறுத்திக் கை கழுவினான். மேசை நிறையப் பாடப்புத்தகத் தாள்கள் கிடக்கின்றன. முதலாளி ஓடி வந்தார்.

"என்னப்பா, வேலை கெடக்கே?"

"நாளைக்கும் கெடக்கும்ங்க."

"வெளிநாடு போய்ச் சோம்பேறி ஆயிட்டியா?"

"ஆமாங்க. இப்பதான் கத்துக்கிறேன்" என்றான். பைண்டிங் பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

அடுத்த பத்து நாள் பகல் முழுக்க அந்தப் பெண்களில் இரண்டு பேருக்கு மெஷினைக் கற்றுக்கொடுத்தான். கத்தி எங்கே, கை எங்கே என்று ஒன்று விடாமல். மூத்தவளை அந்தக் காலி நாற்காலியில் உட்காரவைத்து வேலைச்சீட்டு எழுதச் சொன்னான். முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்காக அவன் பேசுவான் என்று பார்த்தேன். பேசவில்லை, என்னைப் பார்த்தான். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நானே வாயைத் திறந்தேன். "மெஷினும் பைண்டிங்கும் ரெண்டும் என்னால ஆகாதுங்க. ஒண்ணு சொல்லுங்க."  சொல்லியே விட்டேன். "பைண்டிங்கைப் பாரு" என்றார். ஆறு மணிக்குப் போய்விடுவேன் என்றேன்.  அவர் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

என் வாக்கைத் திருப்பி அனுப்பினாயே, அது தேவைப்படவில்லை. நான் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சீட்டை மாற்ற வேண்டாம் என்று அவனே முடிவு செய்துவிட்டான். இது உன் கைக்கு வரும்போது அவன் உன் பக்கத்தில் இருப்பான்.

நேற்று இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியில், "பதினாலு வயசுப் பொண்ணுகிட்ட சாயங்காலம் என்னக்கா பேசுறது?" என்று கேட்டான். சாயங்காலத்தில் நான் வீட்டில் இருந்திருந்தால்தானே எனக்குத் தெரியும் என்றேன்.

தெருவில் இன்னும் வெயில் இருந்தது. என் வீட்டுச் சுவர் அந்த நேரத்தில் மஞ்சளாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் வாசற்கதவைத் திறக்கும்போது எதிர்வீட்டுக் குட்டிப் பெண் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பிறந்ததே அந்த வீட்டில்தான், வயது ஆறு.

"நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்குத்தான் என்றேன். அவள் நம்பவில்லை. மாமா வெளியே வந்து சாட்சி சொன்னபிறகுதான் வழி விட்டாள்.

அத்தை